ஆணியா, போல்ட்டா, பித்தளைக் கம்பியா: தோல் அச்சுக் கருவியை வீட்டில் செய்ய எது தோது?

தோலில் அச்சுப் பதிக்கும் கருவியை வீட்டிலேயே செய்யப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த எஃகு நல்லது, எப்படித் தோய்ச்சல் கொடுப்பது (காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குவது)?" என்றுதான். உளியும் கத்தியும் செய்து பழகியதால் வரும் கேள்வி அது. அச்சுக் கருவிக்குப் பொருந்தாது. நனைத்துப் பதமாக்கிய தோல் கிட்டத்தட்டக் களிமண் மாதிரி. அதை அழுத்தப் பித்தளையே போதும், கெட்டி மரம்கூடப் போதும். பதிவு நன்றாக விழுவதும் கெடுவதும் தோலில் படும் முகத்தின் மட்டம், விளிம்பின் உருட்டல், பள்ளத்தின் வழவழப்பு ஆகிய மூன்றில்தான் இருக்கிறது. ஆகவே உங்களிடம் இருக்கும் அரத்தால் எந்த உலோகத்தை நுணுக்கமாகச் செதுக்க முடிகிறதோ, அதுவே உங்களுக்கு நல்ல உலோகம். கீழே ஒவ்வொரு பொருளையும் இந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறோம்.

ஒன்றை முன்பே சொல்லிவிட வேண்டும். இது எல்லாமே தாவரச் சாற்றில் பதனிட்ட, மேல்பூச்சு ஏதும் இல்லாத தோலுக்குத்தான். குரோம் உப்பில் பதனிட்ட மெல்லிய தோல் எந்தக் கருவியால் அடித்தாலும் பதிவைத் தாங்காது. சிறிது நேரத்தில் எழும்பிவிடும். அந்தத் தோலில் சோதித்துவிட்டுக் கருவியைக் குறை சொல்லக் கூடாது.

பொருளைத் தேர்வதற்கு முன் இரண்டு கணக்கு

முதலாவது, முகத்தின் பரப்பளவு. கடைக் கருவிகளின் தண்டு பெரும்பாலும் 6 மி.மீ. கனம், 11 செ.மீ. நீளம் வாக்கில் இருக்கும். அந்தத் தண்டின் நுனியையே முகமாக வைத்தால் பரப்பு சுமார் 28 சதுர மி.மீ. அதே கொட்டாப்புளியால், அதே வேகத்தில், 10 மி.மீ. சதுர முகத்தை அடித்தால் விசை 100 சதுர மி.மீட்டரில் பரவுகிறது. 20 மி.மீ. சதுரம் என்றால் 400. அகலம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு ஆகிறது, பதிவின் ஆழம் அதற்கேற்பக் குறைகிறது. சுமார் 450 கிராம் கொட்டாப்புளி 10 மி.மீ. வரையுள்ள முகத்துக்குச் சுகமாக இருக்கும். அதற்கு மேல் ஒரு கிலோ வாக்கில் கனம் வேண்டும். 25 மி.மீட்டரைத் தாண்டினால் அடிப்பதை விட்டுவிட்டு அழுத்தும் வழிக்குப் போவதுதான் சரி. என்ன பொருள் என்பதைப் பாதி இந்தக் கணக்கே தீர்மானித்துவிடும்.

இரண்டாவது, கறை. தாவரப் பதனீட்டுத் தோலில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. ஈரத்தில் இரும்பும் டானினும் சேர்ந்தால் கருநீல நிறம் உண்டாகும். பழைய காலத்து எழுத்து மை தயாரித்தது இந்த வினையை வைத்துத்தான். துரு லேசாக ஏறிய ஆணியை ஈரத்தோலில் ஒரு தடவை அடித்தாலே சாம்பல் நிறப் புள்ளி விழும். அரம் போட்ட இரும்புத் தூள் மேசையில் கிடந்து தோலில் ஒட்டினாலும் அப்படித்தான்: அப்போதைக்குத் தெரியாது, மறுநாள் காலையில் மிளகு தூவியதுபோல் கரும்புள்ளிகள் நிற்கும். உலோகம் ராவும் இடத்தையும் தோல் நனைக்கும் இடத்தையும் பிரித்து வைப்பது கட்டாயம். கறை விழுந்துவிட்டால் அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆக்சாலிக் அமிலத்தைக் கரைத்துத் தடவினால் பெரும்பாலும் வெளுக்கும். அது நஞ்சு என்பதால் கையுறை அவசியம். பிறகு நல்ல தண்ணீரில் துடைத்தெடுக்க வேண்டும். லேசான கறைக்கு எலுமிச்சைச் சாறே போதும்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இருக்கும் கருவியைத் திருத்துவது

முதல் முயற்சிக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான். புதிதாக ஒன்றைச் செய்வதைவிட, சுமாராக வேலை செய்யும் கருவி ஒன்றை நன்றாக வேலை செய்ய வைப்பதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. தண்டு, மட்டம், நீளம் எல்லாம் ஏற்கெனவே அமைந்திருக்கும். முகத்தை மட்டும் கவனித்தால் போதும்.

மலிவான கருவிகள் பல துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே குரோம் முலாம் பூசியவை. காந்தம் ஒட்டாது, முலாம் கீறிய இடத்தில் மங்கிய சாம்பல் நிறம் தெரியும். இவற்றைச் சூடாக்கவே கூடாது. இந்தக் கலவை சுமார் 380 முதல் 390 டிகிரியிலேயே உருகிவிடும். கேஸ் டார்ச் பட்டால் சில நொடிகளில் முகம் வழிந்துவிடும். அரம் மட்டும் போதும், மென்மையாகத்தான் இருக்கும். இவற்றில் வார்ப்பின் இணைப்புக் கோடு முகத்தின் ஓரத்தில் மெல்லிய பிசிறாக நிற்பது வழக்கம். அந்தப் பிசிறை 600 எண் உப்புத்தாளால் எடுத்து, 1000 எண்ணால் வழித்துவிட்டாலே பதிவு வேறு தரத்துக்கு வந்துவிடும். பத்து நிமிட வேலை. வாங்கிய ஒவ்வொரு மலிவுக் கருவிக்கும் இதைச் செய்வது நல்லது.

முலாமில் ஒரு சிக்கல் உண்டு. அரம் ஓடிய இடத்தின் எல்லையில் குரோம் சிம்புபோல் உரிந்து நிற்கும். அது கண்ணாடிச் சில்லு மாதிரி தோலின் மேல்பரப்பை வெட்டும். வேண்டிய இடத்தோடு நிறுத்தாமல் இன்னும் 1 மி.மீ. தள்ளி வரை முலாமை எடுத்து, எல்லையை உப்புத்தாளால் சரிவாக வழிக்க வேண்டும்.

திருத்தத்துக்கு ஏற்றவை எவை? அகலமான பெவலரின் (வெட்டுக்கோட்டின் ஒரு பக்கத்தைச் சரிவாக அழுத்தும் கருவி) இரு பக்கத்தையும் ராவி 3 மி.மீ. அகலமாக்கினால் இறுக்கமான வளைவுகளில் நுழையும். கட்டம் போட்ட பெவலரின் முகத்தை மட்டமாகத் தேய்த்தால் வழவழப்பான பெவலர் கிடைக்கும். பேக்ரவுண்டரின் (வடிவத்தைச் சுற்றியுள்ள பின்னணியை அழுத்தித் தாழ்த்தும் கருவி) ஒரு மூலையைக் கூராக்கினால் எழுத்துகளின் இடுக்குகளுக்குப் போகும். இவை எல்லாமே உலோகத்தைக் குறைக்கும் வேலைகள். பெரிதாக்கவோ ஆழத்தைக் கூட்டவோ திருத்தத்தால் முடியாது. அந்த எண்ணம் இருந்தால் புதிதாகச் செய்வதே நேர்வழி.

பழைய ஸ்க்ரூடிரைவர், ஆலன் சாவி, டிரில் பிட்டின் தண்டு ஆகியவையும் இந்த வகைதான். தட்டை முனை ஸ்க்ரூடிரைவர் பாதி பெவலராகவே பிறந்திருக்கிறது. ஆனால் அரம் போட்டால் வழுக்கும், ஏனென்றால் அவை தோய்ச்சல் கொடுத்த எஃகு. வழுக்கும் உலோகத்தோடு மல்லுக்கட்டினால் வீணாவது அரம்தான். சாணையில் பிடிக்கலாம். இல்லாவிட்டால் நுனியைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, காந்தம் ஒட்டாத நிலை வந்ததும் உலர்ந்த சாம்பலுக்குள் புதைத்து, கை பொறுக்கும் சூடு வரும்வரை தொடாமல் விட்டால் இளகிவிடும். பிளாஸ்டிக் கைப்பிடியைக் கழற்றிவிட்டுத்தான் காய்ச்ச வேண்டும். திரும்பத் தோய்ச்சல் கொடுக்கத் தேவையில்லை. தோலை அடிக்க இளகிய எஃகே தாராளம்.

ஆணி

6 அங்குல ஆணியின் தண்டு சுமார் 6 மி.மீ. கனம், அதாவது கடைக் கருவியின் தண்டளவு. மென்மையான இரும்பு, அரம் வெண்ணெயாக ஓடும். கெட்டுப்போனால் இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் வேறு. சின்ன முகங்களுக்கு இதைவிடத் தோதான பொருள் கிடையாது.

இரண்டு வகை ஆணிகளைத் தவிர்க்க வேண்டும். காங்கிரீட் ஆணி கடினமானது. அரம் வழுக்கும், பக்கவாட்டில் அடிபட்டால் படாரென்று தெறிக்கும். துத்தநாகம் பூசிய ஆணியை ராவலாம், ஆனால் காய்ச்சக் கூடாது. அந்தப் புகையை முகர்ந்தால் சில மணி நேரத்தில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். பூச்சை நீக்க வேண்டுமானால் காற்றோட்டமான இடத்தில் வினிகரில் ஊறப் போட்டு, குமிழி நின்றதும் கழுவித் துடைத்து உடனே எண்ணெய் தடவ வேண்டும்.

விதை போன்ற வட்டப் புள்ளியை இடும் சீடர்தான் ஆணிக்கு ஏற்ற முதல் வேலை. ஆணியின் தலையையும் கூரையும் வெட்டி 11 செ.மீ. நீளத்துக்குக் கொண்டு வாருங்கள். டிரில் மெஷினின் சக்கில் மாட்டிச் சுழலவிட்டு, அரத்தைச் சாய்த்துப் பிடித்து நுனியை 3 மி.மீ. அளவுக்குக் கூம்பாக்குங்கள். இதனால் கடைசல் இயந்திரம் இல்லாத குறை தீரும், வட்டமும் தப்பாது. பிறகு நுனியின் நடுவில் சென்டர் பஞ்சால் குறி வைத்து, 2 மி.மீ. உருண்டை பர்ரால் (டிரில்லில் மாட்டும் உருண்டைத் தலை வெட்டுமுனை) சுமார் 1 மி.மீ. ஆழத்துக்குக் கிண்ணம் எடுங்கள். சுற்றி நிற்கும் விளிம்பு 0.5 மி.மீ. வாக்கில் மிஞ்சும். அதைத்தான் கவனமாக உருட்ட வேண்டும். கூராக விட்டால் கருவி தோலில் வட்டமாகத் துளையே போட்டுவிடும். நடுக்குறி கால் மி.மீ. விலகினாலும் விளிம்பின் ஒரு பக்கம் தடித்து இன்னொரு பக்கம் கத்தியாகும். அப்படியானால் திருத்தப் பார்க்காமல் 3 மி.மீ. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்குவதே வேகம்.

ஆணியின் பலவீனங்கள் இரண்டு. ஒன்று துரு, கூடவே கறை. மற்றது அகலம், 6 மி.மீட்டருக்கு மேல் முகம் வேண்டுமென்றால் நுனியைக் காய்ச்சிச் சுத்தியலால் தட்டி விரிக்க வேண்டும். அது கொல்லுவேலை, செய்யலாம். ஆனால் அந்த உழைப்புக்குப் போல்ட் எடுத்துக்கொள்வது மேல்.

போல்ட்

போல்ட்டின் சாதகம் அதன் தலை. எம்6 (6 மி.மீ. தண்டு) போல்ட்டின் தலை 10 மி.மீ., எம்8 தலை 13 மி.மீ. அகலம். தண்டும் முகமும் ஒரே துண்டில் தயாராகக் கிடைக்கின்றன. இலை, பூ, முக்கோணம், வைரக்கட்டம் போன்ற நடுத்தர முகங்களுக்கு வீட்டில் செய்பவர்கள் அதிகம் நாடுவது இதைத்தான், அதில் நியாயமும் இருக்கிறது.

வாங்கும்போது தலையில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 8.8 என்று இருந்தால் தோய்ச்சல் கொடுத்த எஃகுதான், ஆனாலும் அரம் நன்றாகவே கடிக்கும். செதுக்கும் வடிவமும் நுணுக்கமாக நிற்கும். 10.9 சற்றுப் பிடிவாதம் பிடிக்கும். 12.9 மெல்லிய ஊசி அரங்களை மழுக்கிவிடும், தேவையும் இல்லை. எண்ணே இல்லாத மென்னிரும்பு போல்ட்டும் சரிதான். ஏ2 என்று குறித்திருந்தால் அது ஸ்டெயின்லெஸ்.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கறைக்குப் பயந்து பலரும் நேரே அதில் போய் நிற்கிறார்கள். கறை விழாது என்பது உண்மை. ஆனால் அந்த உலோகம் தேய்க்கத் தேய்க்க இறுகும். மழுங்கிய அரத்தை மெதுவாக உரசினால் மேல்பரப்பு கடினமாகி, அதற்குப் பிறகு கூர் அரமும் வழுக்கும். புதிய அரம், முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் நல்ல அழுத்தம், திரும்பும்போது தூக்கிவிடுதல், துளையிடும்போது குறைந்த வேகமும் விடாத அழுத்தமும்: இவை இல்லாமல் முடியாது. ஒரே வடிவத்துக்கு 8.8 போல்ட்டைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கம்பியாக வாங்க முடிந்தால் 303 வகை ஸ்டெயின்லெஸ் வெட்டுவதற்கு இலகுவானது. கந்தகம் சேர்த்திருப்பதால் சீவல் உடைந்து விழும். நான்கைந்து கருவி செய்து கை பழகிய பிறகு, ஆயுளுக்கும் வைத்திருக்கப்போகும் ஒன்றுக்கு ஸ்டெயின்லெஸ் எடுப்பது சரியான வரிசை.

சாதாரண போல்ட்டில் வேலை நடக்கும் முறை இது. தலையின் மேல் புடைத்திருக்கும் எண்களைத் தட்டை அரத்தால் நீக்குங்கள். அறுகோணத் தலையின் மேல் ஓரம் ஏற்கெனவே சரிவாக இருக்கும், ஆகவே எம்8 தலையில் 13 மி.மீ. முழுதும் முகமாகக் கிடைக்காது. சதுரமாக வேண்டுமானால் 9 மி.மீ. வரைதான் எதிர்பார்க்கலாம். அடுத்தது மட்டம். தண்டு நுழையும் அளவுக்கு ஒரு மரக்கட்டையில் நேர்குத்தாகத் துளையிட்டு, போல்ட்டைத் தலைகீழாக அதில் செருகி, கண்ணாடித் தகட்டின் மேல் விரித்த 400 எண் உப்புத்தாளில் கட்டையோடு சேர்த்துத் தேயுங்கள். தலை புதைய கட்டையின் அடியில் ஒரு பள்ளமும் வேண்டும், முகம் மட்டும் மயிரிழை வெளியே நிற்க வேண்டும். இந்தக் கட்டை இல்லாமல் கைப்பிடியில் தேய்த்தால் முகம் குவிந்துவிடும். குவிந்த முகம் நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மங்கலாகவும் பதியும். கூட அடித்தால் நடு கிழியும்.

மட்டமானதும் முகத்துக்கு மார்க்கர் மை பூசி, எஃகூசியால் வடிவத்தைக் கீறுங்கள். காகிதத்தில் வரைந்து சூப்பர் குளூவால் ஒட்டினாலும் சரி. வடிவம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருக்க வேண்டும் என்பதை எழுத்து, இலை வளைவு போன்றவற்றில் மறந்துவிடுகிறார்கள். முதலில் வெளிக்கோடு, பிறகு உள்கோடுகள், கடைசியில் பக்கச் சரிவு. நேர்கோடுகளுக்கு முக்கோண ஊசி அரம் அல்லது ஹேக்சா பிளேடு. அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடின் வெட்டு 0.9 மி.மீ. வாக்கில் இருக்கும், அதைவிட மெல்லிய கோட்டுக்கு நகை வேலைக்காரர்களின் இழைவாள். உள்கோடுகளின் ஆழம் 1 மி.மீ. இருந்தால் போதும். அதைவிட ஆழமாகப் போனால் தோல் அடிவரை போய்ச் சேராது. அந்த ஆழம் வீண்.

பக்கச் சுவர்கள் 10 முதல் 15 டிகிரி வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நேர்ச்சுவர் தோலைக் கவ்விக்கொள்ளும். உள்ளுக்குள் குடைந்த சுவர் இன்னும் மோசம். கருவியைத் தூக்கும்போது தோலின் மேல்தோல் இழுபட்டு மயிர் மயிராக எழும்பும். பள்ளத்தில் தோல் துணுக்கு ஒட்டி வந்தால் அங்கே இப்படி ஒரு குடைவு ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்டு முழுக்க மரை ஓடும் போல்ட் கையை அறுக்கும். பாதி மரை உள்ளதை வாங்குங்கள். முழு மரைதான் கிடைத்தது என்றால் ஹீட்ஷ்ரிங்க் குழாயைப் போட்டுச் சூட்டில் சுருக்கிவிடலாம், பிடியும் நன்றாக இருக்கும். ஆலன் தலை போல்ட்டை இதற்கு ஒதுக்கிவிட வேண்டாம். எம்6 ஆலன் தலை 10 மி.மீ. வட்டம், நடுவே 5 மி.மீ. அறுகோணக் குழி, ஓரங்களை உருட்டிவிட்டால் அப்படியே ஒரு பூ மையம். பெரும்பாலும் 12.9 ரகம் என்பதால் செதுக்க முயலாமல் உருட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பித்தளைக் கம்பி

கறை இல்லை, துரு இல்லை, அரத்துக்குச் சுகம். நுணுக்க வேலைக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். கடைசல் வேலைக்கென்று விற்கும் உருண்டைக் கம்பியில் 3 சதவீதம் வரை ஈயம் இருக்கும். அதனால்தான் சீவல் மணல்போல் உதிர்கிறது. அதே காரணத்தால் தூளை ஊதக் கூடாது, வேலை முடிந்து கை கழுவாமல் சாப்பிடக் கூடாது.

எடையையும் கணக்கில் எடுங்கள். 6 மி.மீ. எஃகுத் தண்டு 11 செ.மீ. நீளத்தில் 24 கிராம்தான். 10 மி.மீ. பித்தளைக் கம்பி அதே நீளத்தில் 73 கிராம். கனமான தண்டு கையில் அசையாமல் நிற்கும், இரட்டைப் பதிவு குறையும். முகத்தையும் தண்டையும் தனித்தனியாக யோசிக்க வேண்டியதில்லை: 10 அல்லது 12 மி.மீ. கம்பியை எடுத்து முகம் முழுவதையும் பயன்படுத்தலாம்.

அரத்தில் ஒரு விதி உண்டு. பித்தளைக்குப் புத்தம் புதிய அரம் வேண்டும். எஃகில் ஓடிய அரம் பித்தளையில் கடிக்காமல் சறுக்கும். ஆகவே புதிய அரத்தை முதலில் பித்தளைக்கு வைத்துக்கொண்டு, கூர் தணிந்ததும் எஃகுக்கு மாற்றுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் ஒரு அரம் வீண்.

பித்தளையின் பலவீனம் அடி வாங்கும்போது தெரியும். தோலின் ஓரத்தில் பாதி முகம் அடியில் வைத்த கருங்கல் பலகையில் விழுந்தால் நுனி நசுங்கிவிடும். எஃகு அதைப் பொறுத்துக்கொள்ளும். மெல்லிய நரம்புக்கோடுகள் 0.4 மி.மீட்டருக்குக் கீழே போனால் நாளடைவில் சாயும். மேல்முனையும் காளான்போல் விரியும். அங்கே 1 மி.மீ. சரிவு எடுத்துவிட்டு, இரும்புச் சுத்தியலைத் தொடாமல் பிளாஸ்டிக், பச்சைத்தோல் அல்லது மரக் கொட்டாப்புளியால் மட்டும் அடித்தால் பல வருடம் வரும்.

அலுமினியமும் அரத்துக்கு இலகு, ஆனால் பல்லில் அப்பிக்கொள்ளும். அரத்தில் சுண்ணக்கட்டி தேய்த்துக்கொள்ள வேண்டும். எடை மிகக் குறைவு, நுனி சீக்கிரம் நசுங்கும். பித்தளை கிடைக்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை.

தோய்ச்சல் எஃகு எப்போது?

சில்வர் ஸ்டீல் என்று விற்கும் கம்பி இளகிய நிலையிலேயே வரும். செதுக்கி முடித்தபின் காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேலே, 780 டிகிரி வாக்கில் காய்ச்சித் தோய்த்து, 200 முதல் 230 டிகிரியில் வைக்கோல் நிறம் வரும்வரை மறுசூடு கொடுக்கலாம். தோலுக்காக இது தேவையில்லை என்று ஏற்கெனவே சொன்னோம். இரண்டு இடங்களில் மட்டும் பயன்: தோலை வெட்டும் பஞ்ச்கள், பிறகு தாய் அச்சு. கடினமான தாய் அச்சை இளகிய பித்தளை முகத்தில் அடித்து ஒரே மாதிரிப் பள்ளத்தைப் பல கருவிகளில் உண்டாக்கலாம். ஐந்து சீடர் கருவிகள் ஒரே அளவில் வேண்டும் என்பவருக்கு அந்த உழைப்பு தகும். ஒன்று செய்பவருக்குத் தகாது.

மரம், முப்பரிமாண அச்சு

கெட்டி மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் எளிய பெரிய வடிவங்களைச் செதுக்கலாம். ஈரம் படப்பட நுணுக்கம் உப்பிப்போகும். வேகமாக ஒரு யோசனையைச் சோதிக்க நல்லது, அவ்வளவே.

முப்பரிமாண அச்சு அப்படி ஒதுக்கத்தக்கது இல்லை. சின்னம், பெயர், 40 மி.மீ. அகல வடிவம் போன்றவற்றுக்கு வீட்டில் இருக்கும் சிறந்த வழி அதுதான். ஆனால் அடிக்கக் கூடாது, அழுத்த வேண்டும். 40 மி.மீ. சதுரம் 1600 சதுர மி.மீ.; ஆணி முகத்தைப்போல் ஏறக்குறைய 57 மடங்கு. எந்தக் கொட்டாப்புளியும் அதற்கு ஆகாது. இரண்டு தட்டைப் பலகைகளுக்கு நடுவே தோலையும் அச்சையும் வைத்து ஜி-கிளாம்ப் அல்லது பெஞ்ச் வைஸில் இறுக்கி, ஒன்றிரண்டு நிமிடம் விட வேண்டும்.

பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் அச்சிட்டால் உட்புறம் முழுவதும் நிரப்பி, கோட்டின் அகலம் 0.8 மி.மீட்டருக்குக் குறையாமல், புடைப்பு 2 மி.மீ. உயரத்தில் வையுங்கள். 0.4 மி.மீ. நாசில் இரண்டு தடவை ஓடும் அகலம் அது. ஒற்றை ஓட்டக் கோடு அழுத்தத்தில் மடங்கிவிடும். முகம் அச்சுத் தட்டில் படுமாறு கவிழ்த்து அச்சிட்டால் தட்டின் வழவழப்பு முகத்துக்கு வரும், ஆனால் முதல் அடுக்கு சற்றுப் பரவிக் கோடு தடிக்கும். மேல்நோக்கி அச்சிட்டால் கோடு சரியாக வரும், அடுக்குகளின் வரிகளை உப்புத்தாளால் எடுக்க வேண்டும். ரெசின் அச்சு 0.05 மி.மீ. அடுக்கில் வருவதால் வரி அநேகமாகத் தெரியாது. மாறாக உடையக்கூடியது, சீரற்ற பலகையில் இறுக்கினால் நடுவில் விண்டுபோகும். பிஎல்ஏ 60 டிகிரிச் சூட்டிலேயே இளகத் தொடங்கும், ஆகவே சூடான தண்ணீரில் நனைத்த தோலில் அதை வைக்க வேண்டாம்.

பித்தளைத் தகட்டை உப்புநீரில் மின்சாரம் விட்டு அரித்து எடுக்கும் முறையும் உண்டு. அரை மி.மீ. ஆழத்துக்கு மேல் போனால் பக்கங்களும் அரிக்கப்பட்டுக் கோடு குடைந்துவிடும். ஸ்டெயின்லெஸ் தகட்டில் இந்த முறையைத் தொடவே கூடாது. நஞ்சான ஆறிணைதிற குரோமியம் கரைசலில் சேரும்.

எந்தக் கருவிக்கு எது

சீடர், சிறு வட்டங்கள், 5 மி.மீட்டருக்குள் அடங்கும் பேக்ரவுண்டர்: ஆணி. பேக்ரவுண்டரின் சொரசொரப்புக்கு முக்கோண அரத்தால் 0.8 முதல் 1 மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கோடு இழுத்தால் போதும். இடைவெளி சற்றுத் தப்பினாலும் கண்ணுக்குத் தெரியாது, அதனால் தொடக்கக்காரருக்கு நம்பிக்கை தரும் கருவி இது.

பெவலர்: பழைய ஸ்க்ரூடிரைவர் அல்லது போல்ட். முகம் 20 டிகிரியைச் சுற்றிச் சாய்ந்து, வெட்டுக்கோட்டில் நிற்கும் நுனி மட்டும் ஆழமாகப் போக வேண்டும். பக்க மூலைகள் இரண்டையும் மற்ற கருவிகளைவிட அதிகமாக உருட்டுங்கள். பெவலரை நகர்த்தி நகர்த்தி அடிக்கும்போது படிப்படியாகத் தழும்பு விழுகிறது என்றால் குற்றம் கையில் பாதி, அந்த மூலைகளில் பாதி.

இலை, பூவிதழ், நரம்புக்கோடு: பித்தளை. சின்னம், பெரிய எழுத்து: முப்பரிமாண அச்சு.

கூடைப்பின்னல் அச்சைத் தனியாகச் சொல்ல வேண்டும். பார்க்க நாலு கோடும் இரண்டு பட்டையும்தான், அதனால் முதல் முயற்சிக்கே பலர் அதை எடுக்கிறார்கள். ஒவ்வொரு பதிவும் முந்தையதன் காலில் காலை வைத்து நகரும் கருவி அது. இரண்டு கால்களுக்கும் நீளத்தில் 0.2 மி.மீ. வித்தியாசம் இருந்தால் இருபது பதிவில் வரிசை 4 மி.மீ. விலகிவிடும். அரத்தால் வரும் பிழை எளிதில் அதைவிட அதிகம். காலிப்பரும், இழைவாளும், ஏற்கெனவே நான்கைந்து கருவி செய்த கையும் இருந்தால் பித்தளையில் தொடங்குங்கள்.

விளிம்பு, மெருகு, சோதனை

எந்தப் பொருளாக இருந்தாலும் முடிவு வேலை ஒன்றுதான், நேரத்தில் பாதி இதற்கே போக வேண்டும். எல்லா வெளி விளிம்புகளையும் 0.2 முதல் 0.3 மி.மீ. ஆரத்துக்கு உருட்டுங்கள்: 400, 600, 1000 எண் உப்புத்தாள் வரிசையில். பள்ளங்களுக்குள் பல்குத்தும் குச்சியில் மெருகுப் பசையைத் தொட்டுத் தேய்க்கலாம். பிறகு பஞ்சை முகத்தின் மேல் இழுங்கள். ஒரு நார் மாட்டினாலும் அந்த இடம் தோலையும் வெட்டும்.

சுழலும் கருவியில் வெட்டுத் தட்டைப் பயன்படுத்துகிறவர்கள் கண்ணாடி போடாமல் ஒரு நொடிகூட இயக்கக் கூடாது, 0.6 மி.மீ. தட்டு பக்கவாட்டில் அழுத்தினால் சிதறிப் பறக்கும்.

முதல் சோதனையை மெழுகிலோ விளையாட்டுக் களிமண்ணிலோ செய்யுங்கள். வடிவப் பிழை அங்கேயே தெரிந்துவிடும். அடுத்ததாக 3 மி.மீ. தோலை நனைத்து, நிறம் ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பி, கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி மட்டும் தெரியும் பதத்தில் அடியுங்கள். ஈரம் மிகுந்தால் பதிவு குழைந்து எழும்பும், காய்ந்தால் மங்கும். இரண்டையும் கருவியின் குறை என்று தவறாக எண்ணி அரத்தை எடுத்துவிடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் எப்போதும் ஆழமாக விழுந்தால், தண்டை அரைவட்டம் திருப்பி அடித்துப் பாருங்கள். ஆழமும் கூடவே திரும்பினால் முகம் சாய்வு. திரும்பவில்லை என்றால் கருவியைப் பிடிக்கும் கோணம் சாய்வு.

இரும்புக் கருவிகளின் தண்டுக்குத் தெளிந்த லாக்கர் அடித்து, முகத்துக்கு மெழுகு தேய்த்துத் துடைத்து வையுங்கள். கரும்பூச்சும் கொடுக்கலாம்: மங்கிய நீலநிறம் வரும்வரை, சுமார் 300 டிகிரிக்குச் சூடாக்கி எண்ணெயில் முக்குவது, திறந்த வெளியில், மூடி போட்ட இரும்புப் பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. தண்டின் முன்பக்கத்தில் அரத்தால் ஒரு சிறு குறி போட்டுவிட்டால் முகத்தைத் திருப்பிப் பார்க்காமலே திசை தெரியும்.

திரும்பத் திரும்ப அடுக்கும் வடிவம் எதுவானாலும் இரண்டு வழிகளையும் சேர்த்துப் பயன்படுத்துவது நல்லது. முதலில் அதை ரெசினில் அச்சிட்டு, களிமண்ணில் முப்பது தடவை அடுக்கிப் பாருங்கள். வரிசை விலகும் இடம், இடைவெளி தவறும் இடம் எல்லாம் அங்கே தெரியும். கோப்பில் திருத்தி மறுபடி அச்சிட்டு, அடுக்கு சரியாக விழுந்த பிறகு அதே வரைபடத்தைக் காகிதத்தில் எடுத்துப் பித்தளை முகத்தில் ஒட்டி இழைவாளை எடுங்கள்.